புகையிரதம் முடியும் இடம்: மஸ்கெலியாவும் ஹட்டன் நிலையமும் – ஒரு சமூக வரலாற்று நோக்கு

1

மஸ்கெலியாவில் புகையிரத நிலையம் இல்லை, எக்காலத்திலும் இருந்ததில்லை. எனினும் அப்பகுதித் தோட்டத் தொழிலாளர் ஒருவரிடம் அவரது ஸ்டேசன் எதுவென வினவினால் ஹட்டன் என்றே விடையிறுப்பார். நோர்வூட்டையும் டிக்கோயாவையும் கடந்து மலைச்சரிவுகளில் வளைந்து செல்லும் வீதி சென்றடையும் இடம் அது. நாட்டின் புகையிரத வரைபடத்தை நோக்குமிடத்து, ஹட்டன் கொழும்பு – பதுளைப் பாதையிலுள்ள ஓர் இடைநிலையம் மட்டுமே. ஆனால் மஸ்கெலியா, நோர்வூட், பொகவந்தலாவை ஆகிய பகுதிகளின் மக்களுக்குப் பாதை அங்கேயே முடிகின்றது. இக்கருத்திலேயே ஹட்டனை மஸ்கெலியாவின் கடைநிலையம் என இக்கட்டுரை குறிப்பிடுகின்றது.

கடைநிலையங்கள் இரு வகையின. முதலாவது, பெருநகரொன்றின் புறநகர்ப் பாதை முடியும் நிலையம். காலையில் அங்கிருந்து புறப்படும் மக்கள் நகரில் தமது உழைப்பை விற்று மாலையில் வீடு திரும்புவர். இலங்கையில் இதற்குத் தக்க எடுத்துக்காட்டு கொழும்பிலிருந்து களனிப் பள்ளத்தாக்குப் பாதை சென்று முடியும் அவிசாவளை. இரண்டாவது, உற்பத்திப் பொருளைத் துறைமுகத்துக்குக் கொண்டுசெல்லும் பொருட்டு அமைக்கப்பட்ட பாதையின் மலைமுனை. அங்கு மையம் பெறுவது பண்டம். மனிதர் அப்பண்டத்தின் பொருட்டே அங்கு வந்தவர்கள்.

தமிழில் விடைபெறும்போது 'போகிறேன்' என்பதில்லை. 'போய்வருகிறேன்' என்பதே வழக்கு. முதலாவது வகைக் கடைநிலையம் போய்வருதலின் நிலையம். இரண்டாவது வகையில் அச்சொல்லின் பிற்பாதி நிச்சயமற்றது. மஸ்கெலியாவின் மக்களுக்கு வாய்த்தது ஏன் இரண்டாவது வகையாயிற்று என்பதே ஈண்டு ஆராயப்படும் வினா.

மலை செங்குத்தானது, ஆதலால் பாதை அமைக்க இயலவில்லை என்பது பொதுவாகக் கூறப்படக்கூடிய விடை. அது போதாது. அதே மலைநாட்டில் நாற்பத்துநான்கு அடிக்கு ஓர் அடி உயரும் ஏற்றத்தில் தண்டவாளம் இடப்பட்டது. ஹட்டனுக்கும் கொட்டகலைக்கும் இடையே சிங்கமலை குடையப்பட்டது. பட்டிப்பொலையில் பாதை கடல் மட்டத்துக்கு மேல் ஆறாயிரம் அடியைத் தாண்டுகின்றது. நானுஓயாவிலிருந்து நுவரெலியா ஊடாக இராகலைக்கு 1903, 1904 ஆம் ஆண்டுகளில் ஒரு குறுகிய பாதை திறக்கப்பட்டது. தோட்டச் சரக்கு லொறிகளுக்கு மாறிய பின் 1940களில் அது கைவிடப்பட்டது. மூலதனத்துக்குத் தேவைப்பட்டபோது மலை தடையாக இருக்கவில்லை. தேவை தீர்ந்தபோது இட்ட தண்டவாளமும் நிலைக்கவில்லை. எனவே விடையை நில அமைப்பில் தேடுவதிலும் உற்பத்தி உறவுகளில் தேடுவதே பொருத்தமாகும்.

2

இலங்கையின் முதலாவது புகையிரதம் 1864 டிசம்பர் 27 இல் கொழும்பிலிருந்து அம்பேபுசை வரை ஓடியது. 1865 இல் அப்பாதை போக்குவரத்துக்குத் திறக்கப்பட்டது. 1867 இல் அது கண்டியை அடைந்தது. கண்டிப் பிரதேசத்தின் கோப்பித் தோட்டங்களிலிருந்து மாட்டுவண்டிகளில் சரக்கு இறக்குவதற்கு நேர்ந்த கால தாமதமும் செலவுமே இப்பாதைக்கான கோரிக்கையின் அடிப்படை. 1854 இல் கண்டியில் உருவான தோட்டத்துரைமார் சங்கம் இக்கோரிக்கையை விடாது வலியுறுத்தி வந்தது. இதற்கென நிறுவப்பட்ட தனியார் கம்பனி தோல்வியுறவே, குடியேற்றநாட்டு அரசே பொதுப் பணத்தில் பாதையை அமைத்தது. தனியார் இலாபத்துக்கான அடித்தளத்தை அரசு இட்டுக் கொடுப்பது குடியேற்றநாட்டு முதலாளித்துவத்தின் பொது இயல்பு என்பது மனங்கொள்ளத்தக்கது.

அதன்பின் கடைநிலையம் மலைமேல் நகரத் தொடங்கிற்று. பேராதனையிலிருந்து பிரிந்த பாதை 1873 இல் கம்பளையையும் 1874 இல் நாவலப்பிட்டியையும் அடைந்தது. 1860களிலும் 1870களிலும் டிக்கோயா, டிம்புள்ளை, மஸ்கெலியா ஆகிய உயர்நிலக் காடுகள் அழிக்கப்பட்டுக் கோப்பி நடப்பட்டு வந்தன. அப்புதிய நிலங்களின் விளைச்சல் வண்டிகளில் நாவலப்பிட்டிக்கு இறங்கியது. அடுத்த கட்டம் பத்து ஆண்டுகள் தாமதித்தே நிறைவேறிற்று. 1884 இல் ஹட்டனும் 1885 இல் நானுஓயாவும் பாதையில் இணைந்தன. ஏறத்தாழ ஓராண்டுக் காலம் ஹட்டன் உண்மையிலேயே இலங்கைப் புகையிரதத்தின் மலைநாட்டுக் கடைநிலையமாக விளங்கியது. 1893 இல் ஹப்புத்தளை, 1894 இல் பண்டாரவளை, 1924 இல் பதுளை எனப் பாதை பின்னர் கிழக்கே நீண்டது.

இவ்வாண்டுகளைக் கோப்பியின் வரலாற்றோடு ஒப்பிட்டு நோக்குதல் வேண்டும். கோப்பி இலையைத் தாக்கிய துருநோய் இலங்கையில் 1869 இல் கண்டறியப்பட்டது. 1880களில் கோப்பித் தொழில் முற்றாகச் சிதைந்தது. லூல்கந்தரையில் ஜேம்ஸ் டெய்லர் 1867 இல் பத்தொன்பது ஏக்கரில் தொடங்கிய தேயிலைச் செய்கை அவ்விடத்தைப் பிடித்தது. ஆக, கோப்பிக்காகக் கோரப்பட்ட பாதை ஹட்டனை அடைந்த வேளையில் கோப்பி அங்கில்லை. தேயிலையே அப்பாதையின் சரக்காயிற்று. மஸ்கெலியாவில் மொக்கா என்றொரு தேயிலைத் தோட்டம் உண்டு. கோப்பி ஏற்றுமதியால் உலகப் புகழ் பெற்ற யேமன் நாட்டுத் துறைமுகத்தின் பெயர் அது. பயிர் மாறிற்று, பெயர் எஞ்சிற்று. பெயரைப் போலவே மாறாது எஞ்சியது தொழிலமைப்பு. கோப்பிக்கென உருவான கங்காணி முறையையும் லயன்களையும் தேயிலை அப்படியே ஏற்றுக்கொண்டதோடு நில்லாது மேலும் இறுக்கிற்று. கோப்பிக்கு அறுவடைக் காலத்தில் மட்டும் ஆட்கள் பெருமளவில் தேவைப்பட்டனர்; அவர்களுட் பலர் பருவம் முடிய ஊர் திரும்பினர். தேயிலைக்கோ ஆண்டு முழுவதும் கொழுந்து பறிக்க வேண்டும். வந்து செல்லும் தொழிலாளர் தங்கி வாழும் தொழிலாளராகினர்.

3

தேயிலை ஏன் ஹட்டனுடன் நின்றது, மஸ்கெலியாவுக்குள் ஏன் தண்டவாளம் தேவைப்படவில்லை என்பதற்குச் சரக்கின் இயல்பில் ஒரு காரணம் உண்டு. ஏறத்தாழ நாலரைக் கிலோ பச்சைக் கொழுந்து வாடி, அரைபட்டு, காய்ந்து ஒரு கிலோ தேயிலையாகிறது. இம்மாற்றம் தோட்டத்து ஸ்டோரிலேயே நிகழ்ந்துவிடும். எடை குறைந்த, விலை கூடிய, பெட்டியில் அடைத்த பண்டம் ஹட்டன் வரை வண்டியிலும் பின்னர் லொறியிலும் செல்வது கட்டுப்படியாகும். ஆகவே சரக்கின் பொருட்டு மேலும் தண்டவாளம் இடவேண்டிய கட்டாயம் எழவில்லை.

இனி மனிதரைக் கருதுவோம். புறநகர்ப் புகையிரதம் தோன்றுவதற்கு ஓர் அடிப்படை நிபந்தனை உண்டு. உழைக்கும் இடமும் வாழும் இடமும் பிரிந்திருத்தல் வேண்டும். முதலாளித்துவத்தின் கீழ் தொழிலாளி இரு பொருளில் சுதந்திரமானவன் என்று மார்க்ஸ் விளக்கினார். தன் உழைப்புச் சக்தியைத் தான் விரும்பியவருக்கு விற்கும் உரிமை ஒன்று. உற்பத்திச் சாதனம் எதுவும் தன்னிடம் இல்லாமை மற்றொன்று. நகரத் தொழிலாளி இவ்விரு பொருளிலும் 'சுதந்திரம்' பெற்றவன். அவன் வேலைத்தலத்தை விட்டு வெளியேறி வீடு செல்கின்றான். அவ்வெளியேற்றத்துக்கு வாகனம் தேவைப்படுகின்றது.

பெருந்தோட்டத் தொழிலாளிக்கு இரண்டாவது சுதந்திரம் மட்டுமே முழுமையாக வாய்த்தது. அவன் நிலமற்றவன், ஆனால் தன் உழைப்பை விரும்பிய இடத்தில் விற்கும் உரிமை அவனிடம் இருக்கவில்லை. ஊரிலேயே பெற்ற முன்பணம் அவனைக் கங்காணியிடம் பிணித்தது. தோட்டம் விட்டுத் தோட்டம் மாறுவதற்குக் கடன்தொகை எழுதிய துண்டு வேண்டும். 1921 இல் சட்டத்தினால் ஒழிக்கப்படும் வரை துண்டு முறை நிலவியது. அவன் குடியிருந்த லயன் அறையும் தோட்டத்துக்கே சொந்தம். அதிகாலையில் தப்பொலி எழுப்பும் தூரத்தில் லயன். அங்கிருந்து நடக்கும் தூரத்தில் பெரட்டுக்களம். அங்கிருந்து ஏறும் தூரத்தில் மலை. வேலை இழந்தவன் வீட்டையும் இழந்தான். வாழ்விடம் வேலைத்தலத்தின் ஒரு பகுதியாக இருந்தமையால் நாள்தோறும் போய்வருவதற்கு அங்கு ஏதுமில்லை.

'லயன்' என்னும் சொல்லும் புகையிரத 'லைன்' என்னும் சொல்லும் ஒரே ஆங்கிலச் சொல்லின் இரு தமிழ் வடிவங்கள். இச்சொல்லொற்றுமை தற்செயலானதே, எனினும் இரண்டும் ஒன்றையொன்று விலக்கின எனலாம். வரிசை அறைகள் தொழிலாளியை மலையில் நிறுத்தி வைத்தமையாலேயே தண்டவாள வரிசை அவனைத் தேடி மலைக்குள் வரவேண்டிய அவசியம் இருக்கவில்லை.

1853 இல் இந்தியாவைப் பற்றி எழுதிய மார்க்ஸ், புகையிரதம் நவீன கைத்தொழிலுக்கு முன்னோடியாகும் என்றும், அதன்வழி வளரும் தொழிற்றுறை சாதிக்கு அடிப்படையாக அமைந்த பரம்பரைத் தொழிற்பிரிவினையைக் கரைக்கும் என்றும் எதிர்பார்த்தார். இலங்கை மலைநாட்டின் அனுபவம் இவ்வெதிர்பார்ப்பை நிபந்தனைக்குட்படுத்துகின்றது. இங்கு புகையிரதம் வந்தது. கைத்தொழில்மயமாக்கம் அதன்பின் வரவில்லை. கங்காணிகள் உறவினரையும் ஊராரையும் சாதிவழி திரட்டிக் கொணர்ந்தனர். லயன்களிலும் சாதிவழிக் குடியமர்த்தல் தொடர்ந்தது. ஒரு தொழில்நுட்பம் தன்னளவில் சமூக உறவை மாற்றுவதில்லை. அது எவ்வர்க்கத்தின் கையில், எவ்வுற்பத்திமுறையின் பகுதியாக இயங்குகின்றது என்பதே தீர்மானிக்கும் காரணி. மார்க்சின் முறையியல் கற்பிக்கும் பாடமும் இதுவே.

களனிப் பள்ளத்தாக்குப் பாதையின் பிற்கால வரலாறு இக்கருத்துக்கு மறுபக்கச் சான்று. அதுவும் தோட்ட உற்பத்தியின் பொருட்டு அமைந்த குறுகிய பாதையே. 1902 இல் யட்டியாந்தோட்டை வரையும், பின்னர் மற்றொரு கிளையாக 1912 இல் இரத்தினபுரி வரையும், 1919 இல் ஓப்பநாயக்கை வரையும் அது சென்றது. மலைப்பக்க முனைகள் ஒவ்வொன்றாக அகற்றப்பட்டன. யட்டியாந்தோட்டைக் கிளை இரண்டாம் உலகப்போர்க் காலத்திலும் ஓப்பநாயக்கைப் பகுதி 1970களிலும் மூடப்பட்டன. எஞ்சிய அவிசாவளை 1990களில் அகலப் பாதையாக மாற்றப்பட்டு அன்றாடப் பயணிகளின் கடைநிலையமாயிற்று. அப்பாதையைக் காத்தது சரக்கன்று. சொந்தக் காணியிலோ வாடகை வீட்டிலோ குடியிருந்து, கொழும்பில் சம்பளத்துக்கு உழைத்துத் திரும்பும் மக்கள் அதன் வழிநெடுக வாழ்ந்தமையே அதனைக் காத்தது. மஸ்கெலியா ஓயாவும் கெகெல்கமு ஓயாவும் இணைந்து களனி கங்கையாகிக் கொழும்புக்கு வடக்கே கடலைச் சேர்கின்றன. ஒரே ஆற்றின் கீழ்ப்பள்ளத்தாக்கில் போய்வரும் மக்கள் உருவாகினர். அதன் ஊற்றுக்கண்ணில் கட்டுண்ட மக்கள் உருவாகினர்.

4

ஹட்டன் நிலையத்தின் முக்கியத்துவம் போக்குவரத்தோடு முடிந்துவிடவில்லை. மஸ்கெலியாவின் மலைகள் பெரும்பாலும் தனியார் உடைமை. துரையின் அனுமதியின்றி வெளியார் தோட்டத்துக்குள் நுழைவது அத்துமீறலாகக் கொள்ளப்பட்டது. தொழிற்சங்க முன்னோடிகளுக்கு எதிராக இச்சட்டம் தொடர்ந்து பயன்பட்டது. ஆதலின் தோட்டத்து எல்லை முடியும் கடைத்தெருவும் பஸ் தரிப்பிடமும் புகையிரத நிலையமும் தொழிலாளர் ஒருவரையொருவர் தடையின்றிச் சந்திக்கக்கூடிய அரிய பொது இடங்களாயின.

மலையகத் தொழிற்சங்க இயக்கம் ஹட்டனில் வேரூன்றியமை இப்பின்னணியில் விளங்கும். தஞ்சை மாவட்டத்திலிருந்து வந்த கோ. நடேசய்யர் தோட்டத் தொழிலாளர் நிலையை நேரில் அறியத் துணி வியாபாரியாகத் தோட்டங்களுக்குள் சென்றார் என்பர். கொழும்பில் தொடங்கிய அவரது பணி, 1931 இல் அகில இலங்கை இந்தியத் தோட்டத் தொழிலாளர் சம்மேளனத்தை நிறுவியதோடு ஹட்டனை மையமாகக் கொண்டது. 1936 இல் ஹட்டன் தொகுதியிலிருந்தே அவர் அரசாங்க சபைக்குத் தெரிவானார். அவரது துணைவியார் மீனாட்சி அம்மாள் கூட்டங்களில் பாரதி பாடல்களையும் தாமே இயற்றிய பாடல்களையும் பாடித் தொழிலாளரைத் திரட்டினார். வாசிக்கக் கற்பிக்கப்படாத மக்களிடம் அச்சுப் பிரசுரம் பாட்டாகவே சென்றது. மலையக இலக்கியத்தின் தோற்றுவாயை ஆராய்வோர் இதனைக் கருத்திற் கொள்ளுதல் தகும். அவ்விலக்கியம் தனிமனித வாசகனை நோக்கிப் பிறந்ததன்று. கூடி நின்று கேட்பவரை நோக்கியே பிறந்தது. அவ்வாறு கூடி நிற்கத் தோட்டத்துக்கு வெளியே ஓர் இடம் தேவைப்பட்டது.

1939, 1940 ஆம் ஆண்டுகளில் மலைநாடெங்கும் வேலைநிறுத்தங்கள் பரவின. 1940 சனவரியில் ஹேவாஹெட்டப் பகுதியின் முல்லோயாத் தோட்டத்தில் கோவிந்தன் என்னும் தொழிலாளி பொலிசாரின் சூட்டுக்குப் பலியானார். இலங்கை இந்தியக் காங்கிரஸ் தன் தொழிற்சங்கத்தை அதே ஆண்டில் அமைத்தது. 1947 பொதுத் தேர்தலில் அக்கட்சி ஏழு ஆசனங்களை வென்றது. அவற்றுள் மஸ்கெலியாவும் ஒன்று. தலவாக்கலையில் வென்றவர் எழுத்தாளர் சி. வி. வேலுப்பிள்ளை. துண்டினால் கட்டுண்டிருந்த மக்கள் ஏறத்தாழக் கால் நூற்றாண்டில் பாராளுமன்றத்துக்குப் பிரதிநிதிகளை அனுப்பினர் என்பது சிறிய சாதனையன்று. அவ்வெற்றியின் விளைவு விரைவில் வந்தது.

5

1948 ஆம் ஆண்டின் 18 ஆம் இலக்கப் பிரசாவுரிமைச் சட்டம் இம்மக்களிற் பெரும்பாலோரை நாடற்றவராக்கிற்று. 1949 இல் வாக்குரிமையும் பறிபோயிற்று. அவ்வாண்டின் இந்திய பாகிஸ்தானியர் பிரசாவுரிமைச் சட்டத்தின் கீழ் விண்ணப்பித்தோரிற் பெரும்பான்மையோர் நிராகரிக்கப்பட்டனர். 1964 ஒக்ரோபர் 30 இல் கைச்சாத்தான சிறிமா – சாஸ்திரி ஒப்பந்தம் ஒன்பது இலட்சத்து எழுபத்தையாயிரம் பேரை எண்களாகப் பங்கிட்டது. ஐந்து இலட்சத்து இருபத்தையாயிரம் பேர் இந்தியாவுக்கு, மூன்று இலட்சம் பேர் இலங்கைக்கு என்று முடிவாயிற்று. எஞ்சிய ஒன்றரை இலட்சத்தை 1974 இல் இரு அரசுகளும் சரிபாதியாகப் பிரித்துக்கொண்டன. பங்கிடப்பட்டோரின் விருப்பம் ஒப்பந்தத்தின் எண்ணிக்கையைத் தீர்மானிக்கவில்லை.

இப்பங்கீடு நடைமுறையானபோது ஹட்டன் நிலையத்தின் பொருள் மாறிற்று. இதன் முழு அவலத்தை உணர, பாதையின் மறுமுனையை நினைவுகூர்தல் அவசியம். கோப்பிக் காலத்துத் தொழிலாளர் மன்னார்க் கரையில் இறங்கிக் காட்டுவழியே மாத்தளை வரை நடந்து வந்தனர். வழியில் நோயாலும் பசியாலும் மாண்டோர் பலர். 1914 இல் பாம்பன் பாலமும் தனுஷ்கோடி – தலைமன்னார் கப்பல் சேவையும் தொடங்கப்பெற்று இரு நாட்டுப் புகையிரதங்களும் இணைந்தன. மண்டபம் முகாமில் சோதிக்கப்பட்ட தொழிலாளர் தலைமன்னார்த் துறையில் இறங்கி வண்டி ஏறி மலைநாடு வந்தனர். பயிற்சியற்ற தொழிலாளர் என்று வகைப்படுத்தப்பட்டோர் இலங்கைக்குச் செல்வதை இந்திய அரசு 1939 ஓகஸ்டில் தடைசெய்தது. அதன்பின் இவ்வரவு ஓய்ந்தது. கோகிலம் சுப்பையாவின் 'தூரத்துப் பச்சை' என்னும் நாவல் தென்னிந்தியக் கிராமத்திலிருந்து மலைநாட்டுக்கு வந்தோரின் இப்பெயர்ச்சியையே கதைப்பொருளாகக் கொண்டது. அது வெளியான ஆண்டு 1964. ஒப்பந்தம் கைச்சாத்தானதும் அவ்வாண்டே. அதே ஆண்டு டிசம்பரில் வீசிய புயல் தனுஷ்கோடியை அழித்தது. அந்நிலையமும் அதனோடு மறைந்தது. வருகைக்கு வாயிலாயிருந்த துறை அழிந்த தறுவாயிலேயே பெருந்திரளான திரும்பிச்செல்லுகைக்கான ஆவணங்கள் ஆயத்தமாகின.

1960களின் பிற்பகுதியிலிருந்து 1984 இல் கப்பற் சேவை நிற்கும் வரை, மலைநாட்டு நிலையங்களிலிருந்து குடும்பங்கள் தலைமன்னார் சென்று 'இராமானுஜம்' கப்பலில் இராமேஸ்வரம் சேர்ந்தன. மண்டபம் மீண்டும் முகாமாயிற்று, இம்முறை எதிர்த்திசையில். திரும்பியோர் எனப்பட்டோரிற் கணிசமானோர் இந்தியாவை முன்னர் கண்டதேயில்லை. அவர்கள் பிறந்தது லயனில். சிலருக்கு நீலகிரித் தேயிலைத் தோட்டங்களில் வேலை தரப்பட்டது. வேறு பலர் உறவும் நிலமுமின்றிச் சிதறினர். ஒரே குடும்பத்தில் ஒருவருக்கு இந்தியக் கடவுச்சீட்டும் மற்றவருக்கு இலங்கைப் பிரசாவுரிமையும் கிடைத்த நிலைமைகள் இருந்தன. ஹட்டன் மேடையில் பிரிந்து நின்றோர் 'போய்வருகிறோம்' என்று சொல்லியிருக்கக்கூடும். வழக்கமாகிவிட்ட சொல் வாயிலிருந்து எளிதில் அகலாது. ஆயினும் அவர்களது பயணச்சீட்டு ஒருவழிச் சீட்டு.

மலையக நாட்டார் பாடல்களைத் தொகுத்தோருள் சி. வி. வேலுப்பிள்ளை முதன்மையானவர். அப்பாடல்களின் மையமாக வருகையும் வந்தபின் பட்ட துயரும் அமைந்திருந்தன. 1970களில் எழுந்த மலையகச் சிறுகதையிலும் கவிதையிலும் பிரிவும் புறப்பாடும் அவ்விடத்தைப் பெற்றன. வாய்மொழி மரபுக்கும் நவீன இலக்கியத்துக்கும் இடையிலான இம்மாற்றம் வடிவ மாற்றம் மட்டுமன்று. பாதையில் மக்கள் சென்ற திசை மாறியமையே இலக்கியத்தின் பொருளையும் மாற்றிற்று.

6

ஹட்டன் மேடையில் மனிதர் பிரிந்துகொண்டிருந்த அதே காலப்பகுதியில் மஸ்கெலியா நகரும் இடம்பெயர்ந்தது. களனியின் மேல்நீர்களிலிருந்து மின்சாரம் பெறும் திட்டத்தை டி. ஜே. விமலசுரேந்திர 1918 இலேயே முன்வைத்தார். லக்சபானையின் முதற்கட்டம் 1950 இல் இயங்கத் தொடங்கிற்று. 1965 இல் கெகெல்கமு ஓயாவில் காசல்ரீ நீர்த்தேக்கமும் 1969 இல் மஸ்கெலியா ஓயாவில் மவுசாகலை நீர்த்தேக்கமும் நிறைவுற்றன. பழைய மஸ்கெலியா நகரம் மவுசாகலை நீரில் மூழ்கியது. நகர் மேட்டில் புதிதாக அமைக்கப்பட்டது. வரட்சிக் காலங்களில் நீர்மட்டம் இறங்கும்போது பழைய கோயிலின் சிதைவுகள் வெளிப்படுகின்றன. காணச் செல்லும் மக்கள் அங்கு விளக்கேற்றி வழிபடுவதுண்டு.

இத்திட்டம் நாட்டின் வளர்ச்சிக்கு இன்றியமையாதது என்பதில் ஐயமில்லை. வினா அதன் பயன் எவ்வாறு பங்கிடப்பட்டது என்பதே. மஸ்கெலியாவின் தேயிலை ஹட்டன் வழி கொழும்புக்கு இறங்கிற்று. அதன் நீர் மின்சாரமாகிக் கம்பிவழி கொழும்புக்கு இறங்கிற்று. நகரத்துத் தொழிற்சாலைகள் அம்மின்சாரத்தில் இயங்கிய பல ஆண்டுகளின் பின்னரும் நீர்த்தேக்கக் கரையிலிருந்த லயன்களில் மண்ணெண்ணெய் விளக்கே எரிந்தது. தேயிலைப் பெட்டிக்குப் பாதை இருந்தது. மின்சாரத்துக்குக் கம்பி இருந்தது. அவற்றை ஈட்டித் தந்தோரது வாழ்வை முன்னேற்றும் பாதை மட்டும் போடப்படவில்லை.

சிவனொளிபாதமலைக்குச் செல்லும் யாத்திரிகர் டிசம்பர் முதல் மே வரையான பருவத்தில் ஆயிரக்கணக்கில் ஹட்டனில் இறங்கி மஸ்கெலியா ஊடாக நல்லதண்ணிக்குச் செல்கின்றனர். சிங்களவர், தமிழர், முஸ்லிம்கள் யாவரும் தத்தம் நம்பிக்கைப்படி ஏறும் மலை அது. பருவம் முழுவதும் நிலையம் அவர்களால் நிரம்பும். அவர்களனைவரும் போய்வருபவர்கள். வழிநெடுகக் கொழுந்து பறிப்போரைக் கண்டு செல்லும் அவர்களிற் பலர், அவர்களது லயன் வாழ்வை அறியாமலே திரும்புவர். இனங்களுக்கிடையிலான புரிதலைப் பேசுவோர் இவ்வறியாமையின் சமூக அடிப்படையையும் நோக்குதல் வேண்டும். தோட்டத்து எல்லை சட்டத்தால் தளர்ந்த பின்னும் மனத்தளவில் தொடர்கின்றது.

7

1972, 1975 ஆம் ஆண்டுகளின் காணிச் சீர்திருத்தங்கள் தோட்டங்களை அரசுடைமையாக்கின. 1992 இல் அவற்றின் முகாமை மீண்டும் தனியார் கம்பனிகளிடம் சென்றது. 1980களிற் தொடங்கிய சட்டத் திருத்தங்களும் 2003 ஆம் ஆண்டுச் சட்டமும் நாடற்ற நிலையைச் சட்டத்தளவில் முடிவுக்குக் கொணர்ந்தன. வாக்குரிமை திரும்பியது. லயன் அறையோ குடியிருப்போரின் உடைமையாகப் பொதுவில் மாறவில்லை. தனிவீட்டுத் திட்டங்கள் சில குடும்பங்களையே சென்றடைந்துள்ளன. தமக்கெனத் தனி முகவரி இல்லாது, தோட்ட நிருவாகத்தின் முகவரியிலேயே கடிதம் பெறும் குடும்பங்கள் இன்றும் உள.

இதற்கிடையே ஒரு புதிய போக்கு வளர்ந்துள்ளது. தோட்டக் கூலி வாழ்வுக்குப் போதாமையால் இளைஞர்களும் யுவதிகளும் கொழும்பின் கடைகளையும் தொழிற்சாலைகளையும் வீடுகளையும் நாடிச் செல்கின்றனர். தீபாவளியை ஒட்டிய நாட்களில் கொழும்பிலிருந்து ஹட்டன் வரும் வண்டிகளில் நிற்கவும் இடமிராது. விடுமுறை முடிந்ததும் அதே கூட்டம் எதிர்த்திசையில் நிரம்பும். மேலோட்டமாக நோக்கின், மஸ்கெலியாவும் ஈற்றில் போய்வருவோரின் ஊராகிவிட்டது எனத் தோன்றலாம். ஆனால் அவிசாவளைப் பயணி மாலைதோறும் திரும்புவது தன் வீட்டுக்கு. ஹட்டனில் இறங்கும் இளைஞன் ஆண்டுக்கு ஒன்றிரண்டு முறை திரும்புவது, பெற்றோரின் தோட்ட வேலையை ஆதாரமாகக் கொண்டு நிற்கும் ஒரு லயன் அறைக்கு. அவ்வேலை நிற்கின் அவ்வறையும் ஐயத்துக்குள்ளாகும். உழைப்பை விரும்பிய இடத்தில் விற்கும் சுதந்திரம் அவனுக்கு இன்று கிடைத்துள்ளது; திரும்பிச் செல்லும் இடத்தின் மீதான உரிமை கிடைக்கவில்லை. பழைய தோட்ட முறை தளர்கின்றது. அதன் இடத்தில் எழுவது மலையில் குறைந்த செலவில் வளர்க்கப்பட்டு நகரில் குறைந்த கூலிக்கு நுகரப்படும் ஓர் உழைப்புப்படை. லயன் இப்போது நகர முதலாளிக்கும் பயன்படுகின்றது. நகரில் தரப்படும் கூலியில் வீட்டின் செலவைச் சேர்க்கவேண்டிய அவசியம் அவனுக்கில்லை.

எனவே மஸ்கெலியாவுக்குத் தண்டவாளம் இல்லாமையைக் குறையாகக் கூறுவது இக்கட்டுரையின் நோக்கமன்று. ஒரு பாதை எங்கே முடிகின்றது என்பதைப் பொறியியல் மட்டும் தீர்மானிப்பதில்லை; அப்பாதையின் இரு முனைகளிலும் நிலவும் உடைமை உறவுகளும் சேர்ந்தே தீர்மானிக்கின்றன. 1884 இல் ஹட்டனை அடைந்த புகையிரதம் தேயிலைக்கு ஒரு துறைமுகத்தைத் தந்தது. தொழிலாளிக்கு முதலில் ஒரு வருகையையும் பின்னர் ஒரு வெளியேற்றத்தையும் தந்தது. அவனுக்கு இன்னும் தரப்படாதது திரும்பி வருவதற்குரிய நிலம்.

மலையக மக்களின் காணி, வீட்டுரிமைப் போராட்டம் பெரும்பாலும் நலன்புரிக் கோரிக்கையாகவே நோக்கப்பட்டு வருகின்றது. அதன் வரலாற்றுப் பொருள் அதனினும் ஆழமானது. வேலையினின்று வீட்டைப் பிரித்தெடுக்கும் போராட்டம் அது. நூற்றைம்பது ஆண்டுகளுக்கு மேலாக ஒன்றாகப் பிணைக்கப்பட்டிருக்கும் இரண்டையும் வேறாக்கி, குடியிருக்கும் உரிமையைத் தோட்டத்தின் கையிலிருந்து குடியிருப்பவரின் கைக்கு மாற்றும் போராட்டம். அது வெற்றிபெறும் நாளிலேயே ஹட்டன் மேடையில் நின்று 'போய்வருகிறேன்' என்பவரின் சொல், வழக்கின் மரியாதையாக மட்டும் நில்லாது, உரிமையின் கூற்றாகவும் அமையும்.